முன்னுக்கு எறிந்த பந்து

ஒக்டோபர் 12, சனி

காலையில் புல் வெட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கத்தில் வளர்ந்த புல்லை இந்த முறையும் வெட்டவில்லை. கண்டும் காணாததுபோல் கை காட்டினார். நானும் கை காட்டினேன். மறக்க மாட்டேன்.

மாலையில் மகள் ஆரபி வந்தாள். அவரும் வந்தார். அவர் என்றால் என் மருமகன். டொங்கா தீவுக் குடும்பம், பிறந்து வளர்ந்தது இங்கே சிட்னியில். ரக்பி லீக் ஆட்டத்தில் பெரிய நட்சத்திரம் என்கிறார்கள். நான் அவருடைய மாமனார் என்று தெரிந்த நாளிலிருந்து இறைச்சிக் கடைக்காரன் ஒரு கோழிக் காலைச் சும்மா போட்டுத் தருகிறான். நான் வாங்குவதில்லை. என் மனைவி வதனா வாங்குகிறாள்.

சாப்பாட்டு மேசையில் ஆரபி சொன்னாள்:

"அப்பா, இவர் இந்த முறை கிளப்போடை கொன்ட்ராக்ட் சைன் பண்ணேல்லை. அமெரிக்கன் புட்போலுக்கு ட்ரை பண்ணப் போறார்."

டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து பயிற்சியாளர்கள் சிட்னிக்கு வந்து தேர்வு வைக்கிறார்களாம். தேறினால் அங்கே ஓர் அணியின் பயிற்சிப் பாசறையில் இடம்.

"அப்ப நீ?" என்று கேட்டேன்.

"என்னப்பா கேள்வி இது? நானும்தான் போவன்."

வதனா மருமகனின் தட்டில் இன்னொரு அகப்பை சோறு போட்டாள். அவர் தட்டைக் கையால் மறைத்து "காணும், காணும்" என்றார். இரண்டு வருடத்தில் அவர் படித்த தமிழ் எல்லாம் இந்த மேசையில் படித்ததுதான்: காணும், போடுங்கோ, உறைப்பு, மாமா, மாமி. மற்றதெல்லாம் ஆங்கிலம்.

எனக்கு இதில் சொல்ல ஒன்றுமில்லை. அமெரிக்கா பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. தொண்ணூற்று நான்கில் அங்கே ஒரு பல்கலைக்கழகம் எனக்குப் பௌதிகவியலில் ஆய்வு இடம் தந்தது. கொழும்பில் விசா அதிகாரி தரவில்லை. அவருடைய கழுத்துப் பட்டியில் சின்னச் சின்ன வாத்துகள் இருந்தன. நான் இப்போது ஒரு பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவுகிறேன். அவ்வளவுதான்.

ஒக்டோபர் 13, ஞாயிறு

அமெரிக்க ஆட்டத்தின் விதிகளை வாசித்தேன். வேறு வேலை இருக்கவில்லை.

ரக்பி லீக்கில் பந்தை முன்னுக்கு எறியவே கூடாது. பக்கத்துக்கு அல்லது பின்னுக்கு மட்டும். அமெரிக்க ஆட்டத்தில் ஒருவர் நின்று முன்னுக்கு எறிகிறார். மற்றவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடி, தலைக்கு மேலால் வரும் பந்தைத் திரும்பிப் பார்த்துப் பிடிக்கிறார்கள். அவர்கள் இதைப் பால்பல் விழுகிற வயதிலிருந்து செய்கிறார்கள். மருமகனுக்கு இருபத்தாறு வயது. பின்னாலிருந்து வரும் பந்தை வாழ்க்கையில் ஒரு நாளும் பிடித்ததில்லை.

நூற்றுக்கு ஒரு பங்கு சந்தர்ப்பம்கூட இல்லை. நிம்மதியாகக் கறிவேப்பிலைக்குத் தண்ணீர் விட்டேன். நன்றாகத் துளிர்த்திருக்கிறது.

ஒக்டோபர் 19, சனி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

லீக் பருவம் முடிந்துவிட்டது. மருமகனின் கூட்டாளிகள் எல்லாரும் பாலியிலும் பிஜியிலும் வெயில் காய்கிறார்கள். பந்து எறிய ஆளில்லை. ஆகவே ஆரபி எறிகிறாளாம். வதனா வடை சுட்டுக் கொடுத்து, கொண்டுபோய்க் கொடுங்கோ என்று என்னைப் பூங்காவுக்கு அனுப்பினாள். நான் போனபோது என் மகள் விரலைப் பிடித்துக்கொண்டு புல்லில் குந்தியிருந்தாள். அவர் திருப்பி எறிந்த பந்து விரல் நுனியில் பட்டிருக்கிறது. வீங்கிவிட்டது.

"ஒண்டுமில்லையப்பா" என்கிறாள். கண் கலங்கியிருக்கிறது.

எனக்குக் கோபம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. இந்த மனிதர்மேல் எனக்கு ஏற்கெனவே ஒரு கணக்கு இருக்கிறது. கல்யாண மண்டபத்தில், ஐந்நூறு பேருக்கு முன்னால், சந்தோஷம் தாங்காமல் என்னை வேட்டியோடு தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஆடினவர் இவர். அவர்களுடைய பக்கத்தில் அது பெரிய மரியாதை என்று ஆரபி பிறகு சொன்னாள். எங்களுடைய பக்கத்தில் அதன் வீடியோ இன்னும் சுற்றுகிறது. டொரொண்டோவில் இருக்கிற என் தம்பி கல்யாணத்துக்கு வரவில்லை, ஆனால் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறதற்குப் போன் எடுத்தான்.

அவர் தூரத்தில், பூங்காவின் மறு கரையில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் வடைப் பெட்டியைக் கீழே வைத்தேன். பந்தை எடுத்தேன். அவருடைய முதுகைக் குறிவைத்து, உடம்பில் இருந்த எல்லாப் பலத்தோடும் எறிந்தேன்.

படவில்லை. பந்து தன் அச்சில் சுழன்றுகொண்டு, ஒரு ஆட்டம் அசைவு இல்லாமல், தண்ணீர்க் குழாயையும் தாண்டிப் போய் அவருடைய தலைக்கு மேலால் கடந்து விழுந்தது.

அவர் திரும்பி ஆரபியைப் பார்த்தார். ஆரபி என்னைக் காட்டினாள். அவர் ஓடி வந்தார். அந்த உடம்பு நம்மை நோக்கி ஓடி வருவது சாதாரண விடயமில்லை.

"மாமா" என்றார். பிறகு கண்களை விரித்து, அந்தச் சாப்பாட்டு மேசைத் தமிழில், "இன்னும் போடுங்கோ!"

போட்டேன். கோபம் முழுக்க அடங்கியிருக்கவில்லை, ஆகவே போட்டேன். வடை ஆறிவிட்டது.

ஒக்டோபர் 20, ஞாயிறு

தோள்மூட்டு வலி. யாரிடமும் சொல்லவில்லை. வதனா கேட்காமலே சித்தாலேப எண்ணெய் எடுத்து வைத்திருந்தாள்.

ஒக்டோபர் 26, சனி

ஆரபியின் விரல் தேறும்வரை மட்டும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டேன்.

ஒரு சிக்கல். முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுகிறவருக்கு எப்போது திரும்ப வேண்டும் என்று எறிகிறவர் குரல் கொடுக்க வேண்டும். நான் இவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இதுவரை ஆரபி மூலம்தான் பேசி வந்தேன்: அவரிட்டச் சொல்லு, அவரிட்டக் கேள். இன்று "ஓடும்!" "திரும்பும்!" என்று மரியாதையாகக் கத்தினேன். நாய் நடத்திக்கொண்டு போன ஒரு பெண் நின்று பார்த்தாள். அவர் தமிழ் தெரியாமலே இரண்டு சொல்லையும் பிடித்துக்கொண்டார். பந்தைத்தான் பிடிக்கவில்லை. பெரும்பாலும் நெஞ்சில் அடித்துத் தெறிக்கிறது. அந்த நெஞ்சு கொங்கிரீட்.

நான் இந்தக் கையைச் சும்மா பெறவில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லைக் கோட்டிலிருந்து எறிந்து விக்கெட்டைச் சாய்க்க என்னைவிட ஆள் இருக்கவில்லை. ஆனால் பெரிய மட்ச்சுக்கு அதிபரின் மகனைப் போட்டுவிட்டு என்னைப் பன்னிரண்டாவது ஆளாக இருத்தித் தண்ணீர் கொண்டு ஓட விட்டவர் சத்தியவாகீசன் மாஸ்டர். அவர் காலமாகிவிட்டார். அஞ்சலிக் குறிப்பில் நல்லதாகத்தான் எழுதியிருந்தார்கள்.

சந்தர்ப்பம்: நூற்றுக்கு இரண்டு.

ஒக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. லீவு தரவில்லை. குழாய் கழுவினேன்.

இன்றைய பத்திரிகையில் விளையாட்டுப் பகுதியில் ஒருவர் மருமகனைப் பற்றி எழுதியிருக்கிறார். "கால்கள் குதிரை, கைகள் செங்கல். தேர்வில் முதல் நாளே வீட்டுக்கு வந்துவிடுவார்." அந்த மனிதர் பூங்காவுக்கு வந்து பார்த்தாரா? போன சனிக்கிழமை சூரியன் நேரே கண்ணில் அடித்தது அவருக்குத் தெரியுமா? இடது தோளுக்கு மேலால் வருகிற பந்தை இப்போது நன்றாகவே பிடிக்கிறார் என்பது தெரியுமா? ஒன்றும் தெரியாமல் எழுதுகிறவர்களுக்குத்தான் பத்தி கொடுக்கிறார்கள்.

எழுதியவருடைய பெயர் எனக்கு நினைவில் இருக்கும்.

மாலையில் மருமகன் வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். இடுப்பில் நிற்பதற்கு பெல்ட் போட்டிருந்தார். எங்களுடைய ஆட்களில் அரைவாசிப் பேர் இப்போது அப்படித்தான்.

நவம்பர் 9, சனி

ஆரபியின் விரல் தேறிவிட்டது. இருந்தாலும் அவளுக்குச் சனிக்கிழமைகளில் வேலை இருக்கிறதாம். ஆகவே நான் போக வேண்டியிருக்கிறது.

மழை. புல் வழுக்கியது. மருமகன் விலியாமி ஒரு பந்தைத் துள்ளிப் பிடித்துக்கொண்டு விழுந்தார். நல்ல பிடி. எழும்பினார். எழும்பிய கையோடு பந்தைப் புல்லில் வைத்து, உள்ளங்காலால் பின்னுக்கு உருட்டினார். பின்னால் யாருமே இல்லை. மழை மட்டும்.

அது லீக்கில் செய்கிறது. விழுத்தப்பட்டவர் எழும்பி, பந்தைக் கீழே வைத்துக் காலால் பின்னுக்குத் தள்ள வேண்டும்; பின்னால் நிற்கும் கூட்டாளி எடுப்பார். ஏழு வயதிலிருந்து செய்து அது அவருடைய முதுகெலும்புக்குள் போய்விட்டது. தான் செய்கிறார் என்றே அவருக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து விதிகளைத் திரும்பப் பார்த்தேன். அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்தில், எதிராளி தொடாமல் ஒருவர் தானாக விழுந்தால் ஆட்டம் நிற்காது. எழும்பித் தொடர்ந்து ஓடலாம். அந்த நேரம் பந்தைக் கீழே விட்டால் யாரும் எடுத்துக்கொண்டு போகலாம். அங்கே அதைவிடப் பெரிய பிழை இல்லை. ஒரு தடவை செய்தால் போதும், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

நான் அவரிடம் சொல்லவில்லை. என்னிடம் யாரும் கேட்கவில்லை. இதற்கென்று சம்பளம் வாங்குகிற பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள்.

நவம்பர் 16, சனி

ஆரபி அந்த அணியின் ஊரைப் போனில் காட்டினாள். வருடத்தில் ஐந்து மாதம் பனி.

"கறிவேப்பிலை வராது" என்றேன்.

"உள்ளுக்குச் சாடியிலை வைக்கலாமப்பா."

வதனா மருமகனுக்கு என்று கம்பளிக் குல்லா பின்னத் தொடங்கியிருக்கிறாள். இன்னும் தேர்வே நடக்கவில்லை. இந்த வீட்டில் யாருக்கும் நிகழ்தகவு விளங்காது.

இன்றும் இரண்டு தடவை விழுந்தார். இரண்டு தடவையும் காலால் உருட்டினார். சொல்லவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

நல்ல வெயில். பூங்காவில் பஞ்சாபிக்காரர் சிலர் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் எறியத் தொடங்கிய பிறகு அவர்களுடைய ஆட்டம் மெல்ல மெல்ல நின்றுவிட்டது. எல்லாரும் கோட்டோரம் வந்து நின்றார்கள். விலியாமி ஓடினார். நான் "திரும்பும்!" என்றேன். அவர் திரும்பினபோது பந்து அவருடைய விரல்களில் ஏற்கெனவே இருந்தது. பஞ்சாபிக்காரர் ஆரவாரம் செய்தார்கள். அவர்களில் தாடி நரைத்த ஒருவர் வந்து என் வலக்கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அங்கிள், நீங்கள் எந்த அணிக்கு விளையாடினீர்கள்?"

"தண்ணீர் கொண்டு ஓடினேன்" என்றேன்.

அவர் அதைப் பெரிய பகிடி என்று நினைத்துச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். விலியாமி எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார். எனக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது.

சத்தியவாகீசன் மாஸ்டர் இன்னும் கொஞ்சக் காலம் இருந்திருக்கலாம்.

சந்தர்ப்பம் நூற்றுக்கு நாற்பது. அந்தக் கால் பழக்கம் இல்லாவிட்டால் அறுபது.

டிசம்பர் 6, வெள்ளி

நாளைக்குத் தேர்வின் கடைசி நாள். மூன்று நாளாக ஓட்டம், துள்ளல், பிடித்தல் எல்லாம் நடத்தினார்கள். முதல் நாளே வீட்டுக்கு வரவில்லை என்பதை அந்தப் பத்தி எழுதுகிறவர் கவனிக்க வேண்டும். நாளைக்கு இரண்டு அணியாகப் பிரித்து உண்மையான ஆட்டம் வைத்து முடிவு செய்வார்கள். குடும்பங்கள் வந்து பார்க்கலாம்.

மாலையில் விலியாமி வந்தார். வதனாவின் குசினிக் குழாய் ஒழுகுகிறது என்று பழுது பார்க்க வந்தாராம். அவருக்குக் குழாய் வேலை தெரியாது. எனக்கும் தெரியாது. இரண்டு பேரும் தொட்டியின் கீழே தலையைக் கொடுத்துக்கொண்டு படுத்திருந்தோம்.

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்.

அவர் முந்திக்கொண்டார். "மாமா, நாளைக்குச் சரிவராவிட்டாலும் பரவாயில்லை. கிளப்பில் மூன்று வருடத்துக்குக் கேட்கிறார்கள். இங்கே பக்கத்துத் தெருவில் ஒரு வீடு விற்பனைக்கு இருக்கிறது. ஆரபியும் நானும் போய்ப் பார்த்தோம். சனிக்கிழமை சனிக்கிழமை நாம் எறியலாம்."

பக்கத்துத் தெரு. எனக்கு அந்த வீடு தெரியும். முன்னால் எலுமிச்சை மரம் இருக்கிறது.

"அந்தக் குழாய் இறுக்குகிற குறட்டைத் தாரும்" என்றேன்.

குழாய் இப்போது முன்னையைவிடக் கூட ஒழுகுகிறது.

டிசம்பர் 7, சனி

நாங்கள் மூன்று பேரும் மேல் வரிசையில் இருந்தோம். வதனா கட்டுச்சோறு கொண்டுவந்திருந்தாள். கீழே தொப்பி போட்ட அமெரிக்கர்கள் வரிசையாக நின்றார்கள். யாருடைய கழுத்திலும் பட்டி இல்லை, வாத்தும் இல்லை.

அமெரிக்கர் ஒருவர் பந்து எறிந்தார். என்னைவிட நன்றாக எறிந்தார் என்பதை எழுதத்தான் வேண்டும். முதல் பந்தை விலியாமி விட்டுவிட்டார். ஆரபி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவருக்குப் பந்தே வரவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. தொப்பிக்காரர் ஒருவர் கொட்டாவி விட்டார். சரி, முடிந்தது என்று நினைத்தேன். எலுமிச்சை மரத்தை நினைத்தேன்.

அப்போது நீளமான பந்து. இடது தோளுக்கு மேலால். விலியாமி ஓடித் துள்ளிப் பிடித்தார், கால் சறுக்கி விழுந்தார். யாரும் தொடவில்லை. தடுக்க வேண்டிய இரண்டு பேரும் தூரத்தில்.

எழும்பினார்.

அவருடைய முதுகு வளைந்தது. அந்த வளைவு எனக்குத் தெரியும். இரண்டு கையும் பந்தோடு புல்லை நோக்கி இறங்கின. வலது கால் எழும்பியது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வேறு ஒன்றும் செய்யத் தேவையில்லை.

"வைக்காதையடா! எழும்பி ஓடடா! ஓடடா மகனே!"

மைதானம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கட்டுச்சோறு என் மடியிலிருந்து இரண்டு வரிசை கீழே போய் விழுந்தது. நான் வாங்கிலின் மேலே ஏறி நின்றிருந்தேன் போல.

அவன் பந்தைப் புல்லில் வைக்கவில்லை. என் குரலுக்கு ஓடிப் பழகின கால்கள், மூளையைக் கேட்காமலே ஓடின. ஓடினான். தடுக்க வந்த ஒருவனைத் தள்ளிவிட்டு ஓடினான். கோட்டைத் தாண்டினான். அமெரிக்க ஆட்டத்தில் தாண்டினால் போதும். இவன் லீக்காரன், பாய்ந்து விழுந்து இரண்டு கையாலும் பந்தை நிலத்தில் அழுத்தி வைத்தான். தொப்பிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தக் கொட்டாவி விட்டவர் கை தட்டிக்கொண்டே சிரித்தார்.

ஆரபி அழுதுகொண்டு சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, எழும்பி ஓடலாம் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"விதியிலை கிடக்கு. வாசிச்சனான்."

"எப்ப?"

"போன மாதம்."

"போன மாதம் தெரியுமோ? அவர் பார்க்கிலை ஒவ்வொரு முறையும் பந்தை உருட்டேக்கை நீங்கள் பாத்துக்கொண்டு..." என்று தொடங்கினாள். நிறுத்தினாள். ஆரபி கெட்டிக்காரி. கணிதத்தில் என்னைவிடத் திறம். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, காதுக்குள், "போங்கோப்பா" என்றாள்.

தோள்மூட்டில் நேரே பிடித்துவிட்டாள். வலி. கண்ணில் தண்ணீர் வந்தது அதனால்தான்.

ஆட்டம் முடிந்ததும் அவன் படியேறி வந்தான். வரும்போதே எனக்கு விளங்கிவிட்டது. "வேண்டாம், விடும், விடும்" என்றேன். கேட்கவில்லை. தூக்கித் தோளில் வைத்துவிட்டான். இன்று நான் காற்சட்டை போட்டிருந்தேன், அது வேறு விடயம். மேலேயிருந்து பார்க்க மைதானம் நன்றாகத்தான் இருந்தது.

டிசம்பர் 8, ஞாயிறு

குரல் போய்விட்டது. வதனா மிளகு ரசம் வைத்தாள்.

"இஞ்சேருங்கோ, நேற்று நீங்கள் அவரை 'டா' போட்டுக் கூப்பிட்டனியள்."

பேச முடியாது என்று கையால் காட்டினேன்.

"மகனே எண்டும் சொன்னனியள்."

ரசம் நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றும்படி காட்டினேன்.

டிசம்பர் 19, வியாழன்

அமெரிக்காவிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. எடுத்துவிட்டார்கள். அணியில் நிலையான இடம் இன்னும் இல்லை. பாசறையில் தேறினால்தான் உண்டு. தேறுவான். அந்தக் கால் பழக்கத்தை மட்டும் விடவேண்டும். இந்தத் தடவை நேரே சொல்லிவிட்டேன். குரல் வந்துவிட்டது.

"மாமா, அதை நீங்கள்தான் வந்து கத்த வேண்டும்" என்கிறான். செப்டெம்பரில் ஆட்டங்கள் தொடங்கும்போது வரச் சொல்கிறார்கள். அந்த நாட்டில் கால் வைப்பதில்லை என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். பார்ப்போம். இம்முறையும் விசா தராவிட்டால் தரமாட்டோம் என்கிறவரின் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்வேன்.

பத்தி எழுதுகிறவர் இன்று எழுதியிருக்கிறார்: "நான் எப்போதும் நம்பியிருந்தேன்." வெட்டி எடுத்துக் குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாருக்கும் காட்டுகிறேன்.

ஜனவரி 18, சனி

போன கிழமை அவர்களை விமானத்தில் ஏற்றிவிட்டு வந்தோம். கம்பளிக் குல்லா அவனுடைய தலைக்குப் போதவில்லை, இருந்தும் போட்டுக்கொண்டுதான் போனான், சிட்னி வெயிலில்.

எலுமிச்சை மரத்து வீட்டில் யாரோ குடிவந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டியிருக்கிறார். என்ன வந்தது அவருக்கு என்று தெரியவில்லை.

பின்னேரம் சும்மா நடக்கலாம் என்று பூங்காவுக்குப் போனேன். பந்து கையில் இருந்தது, விட்டுவிட்டுப் போயிருக்கிறான். பின்னால் யாரோ வருகிற சத்தம். வதனா. சுடிதாரும் சப்பாத்தும். கையில் அடுப்புச் சட்டி பிடிக்கிற தடித்த கையுறை இரண்டு.

"என்னப்பா, என்ன கோலமிது?"

"செப்டெம்பருக்குள்ளை உங்கடை கை இறுகிப்போகுமெல்லே. போடுங்கோ."

மெல்லப் போட்டேன். முதலாவதை விட்டாள். இரண்டாவதையும் விட்டாள். "செங்கல்" என்றேன். "நேராப் போடத் தெரியாது, கதைக்கிறார்" என்றாள். மூன்றாவதைக் கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சோடு அணைத்துப் பிடித்தாள், நிலை தவறி அப்படியே புல்லில் இருந்துவிட்டாள். நான் பதறிக்கொண்டு ஓடினேன். அவள் எழும்பினாள், சுடிதாரைத் தட்டினாள், என்னைப் பார்த்தாள். பிறகு பந்தைக் கவனமாகப் புல்லில் வைத்து, சப்பாத்துக் காலால் பின்னுக்கு உருட்டினாள்.

எனக்கு விக்கல் வந்துவிட்டது.

"எழும்பி ஓடடி!" என்று கத்தினேன்.

ஓடினாள். பஞ்சாபிக்காரர்கள் கிரிக்கெட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். நாய் நடத்துகிற பெண்ணும் நின்று பார்த்தாள்.

பார்க்கட்டும்.